மூன்று வருஷக் கணக்கு

காரைக்குடியை விட்டு வடக்கே கிளம்பினால் கோட்டையூர், பள்ளத்தூர், அதை அடுத்துக் கானாடுகாத்தான். ரயிலில் வருகிறவர்கள் ‘செட்டிநாடு’ என்று பெயர்ப்பலகை வைத்த சின்ன நிலையத்தில் இறங்கினாலும் வந்து சேர்வது இங்கேதான். முகப்பு ஒரு தெருவிலும் கொல்லைக் கதவு அடுத்த தெருவிலுமாக நீளும் வீடுகள். திண்ணை, பட்டாலை, வளவு, இரண்டாங்கட்டு என்று உள்ளே போய்க்கொண்டே இருக்கும். வீட்டைச் சுற்றிக் காட்டுகிறவர்கள் தூணைத் தட்டி இது பர்மாத் தேக்கு என்பார்கள். தரையைக் காட்டி இத்தாலியப் பளிங்கு என்பார்கள். நிலைக்கண்ணாடி பெல்ஜியத்துச் சரக்கு. பொருள் எங்கிருந்து வந்தது என்ற கதை எல்லா வீட்டிலும் தயாராக இருக்கிறது. ஆள் எப்படிப் போனான் என்ற கதையைக் கேட்டால்தான் சொல்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து இளம் நடுகள வீரர் ஒருவரைக் கால்பந்துக் கழகம் ஒப்பந்தம் செய்கிறது என்ற செய்தியை எடைபோட வேண்டுமானால் கேட்க வேண்டியது இந்த இரண்டாவது கதையைத்தான். யாரை எடுத்தார்கள், எவ்வளவு கொடுத்தார்கள் என்பதை மட்டுமே நம் விளையாட்டுப் பக்கங்கள் எழுதுகின்றன. எத்தனை காலத்துக்கு, எந்தப் படியில், யாருக்குப் பக்கத்தில், போகும்போது எதை ஒப்படைத்துவிட்டு என்ற கேள்விகளில்தான் அந்த ஒப்பந்தம் நல்லதா கெட்டதா என்பது இருக்கிறது. இந்தக் கேள்விகளை நூறு வருஷத்துக்கு முன்பே கேட்டு விடை எழுதி வைத்த ஊர்கள் இவை. அந்த விடைகளில் எது சரி, எது பெருந்தவறு என்பதற்கும் சாட்சி இங்கேயே கிடைக்கிறது.

இந்த வீடுகளைக் கட்டிய நகரத்தாரின் பேச்சில் கடல் தாண்டித் தொழிலுக்குப் போவதற்குக் ‘கொண்டுவிற்கப் போவது’ என்று பெயர். இலங்கை, பர்மா, மலாயா, சைகோன் என்று போன அந்த இளைஞர்களில் பெரும்பாலானவர்கள் முதலாளிகள் அல்லர். இன்னொருவர் கடைக்குச் சம்பளத்துக்குப் போனவர்கள். பெட்டியடியில் உட்கார்ந்து எடுபிடி வேலையும் கணக்கும் கற்கும் பையன் முதல் படி. அங்கே தேறினால் அடுத்தாள். அடுத்தாளாக இருந்து கடன் கொடுக்கவும் வசூலிக்கவும் ஆளை அறியவும் பழகியபின்தான் கடையின் முழுப் பொறுப்பையும் ஏற்கும் ஏஜண்டு. ஏஜண்டின் கெடு பொதுவாக மூன்று வருஷம். சம்பளம் முன்கூட்டியே பேசி எழுதப்படும். அதில் ஒரு பகுதி புறப்படும்போதே முன்பணமாக வீட்டுக்கு வந்துவிடும். லாபத்தில் ஒரு பங்கும் உண்டு. கெடு முடியும்போது ஊரிலிருந்து புது ஏஜண்டு வந்து சேர்வார். பழையவரும் அவரும் சேர்ந்து உட்கார்ந்து பேரேட்டைப் புரட்டி, எந்தக் கடன் வரும், எது வராது, எந்தக் கடன்காரரிடம் எப்படிப் பேச வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கைமாற்றி, ஐந்தொகை எடுத்து முடித்த பிறகே பழையவர் கப்பல் ஏறுவார். ஊருக்கு வந்து கொஞ்ச காலம் குடும்பத்தோடு இருந்துவிட்டு அடுத்த கெடுவுக்குக் கிளம்புவார். சிலர் இரண்டு மூன்று கெடு முடித்துச் சொந்தக் கடையே வைத்துவிடுவார்கள். அதைத் துரோகம் என்று யாரும் நினைத்ததில்லை. ஒரு இளைஞன் வளர்ந்து வெளியேறுவான் என்பது கணக்கிலேயே சேர்ந்திருந்தது.

இதைச் சென்னையின் கால்பந்துக் கழகத்தோடு வைத்துப் பார்ப்போம். இந்தியன் சூப்பர் லீக் 2014-ல் தொடங்கியபோது ஒரு சீசன் மொத்தமும் சுமார் இரண்டரை மாதத்தில் முடிந்தது. களத்தில் ஆறு வெளிநாட்டவர்கள் வரை ஆடலாம். அவ்வளவு குறுகிய காலத்துக்கு வளரும் பையனைக் கொண்டுவர எந்தக் கழகத்துக்கும் காரணம் இல்லை; பெயர் பெற்றவர்கள் வந்தார்கள். டெல்லி அணிக்கு வந்த இத்தாலியின் தெல் பியரோ நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். பத்து ஆட்டத்தில் ஒரு கோல் அடித்தார். சென்னையின் எஃப்.சி. அழைத்துவந்த பிரேசிலின் எலானோ 33 வயதில் எட்டு கோல் அடித்து அந்த ஆண்டின் அதிக கோல்களுக்கான விருதை வாங்கினார். எலானோவின் ஆட்டத்தை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அவர் போனபின் சென்னையின் நடுகளத்தில் அவரிடமிருந்து எதை ஒப்படைத்து வாங்கிக்கொண்டோம் என்று கேட்டால் காட்டுவதற்கு ஒன்றுமில்லை. முழுத்தொகையும் கொடுத்து வாங்கிய வெளிச்சம் அது, எரிந்து முடிந்தது.

அதே கழகத்தில் வேறு மாதிரி ஒரு வரவும் நடந்தது. பிரேசிலின் ஃப்ளூமினென்சி கழகத்தில் வளர்ந்து, அமெரிக்காவில் டி.சி. யுனைடெட் அணிக்குச் சிறிது காலம் ஆடிவிட்டு, 2015-ல் 24 வயதில் சென்னைக்கு வந்தவர் ரஃபேல் அகஸ்டோ. நடுகள வீரர். அந்த வருஷமே கோப்பை கிடைத்தது. மற்றவர்களைப் போல ஒரு சீசனோடு அவர் மறைந்துவிடவில்லை. 2016, 2017-18, 2018-19 என்று தொடர்ந்து வந்து ஆடினார். 2018 மார்ச் 17 அன்று பெங்களூரில் நடந்த இறுதிப் போட்டியில் 3-2 என்று சென்னை ஜெயித்தபோது மூன்றாவது கோல் அவருடையது. அந்த நடுகளத்தில் அவருக்குப் பக்கத்தில் ஆடியவர் வியாசர்பாடியிலிருந்து வந்த தன்பால் கணேஷ். அதே வருஷங்களில் பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பையனாக அந்த அணிக்குள் வந்து தேறியவர் டேராடூன்காரரான அனிருத் தாபா. பின்னால் சென்னைக்கே தலைவரானார், இந்திய அணியின் நடுகளத்திலும் நிலைத்தார். தாபா தேறியதற்கு ரஃபேல்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. பயிற்சியாளர்கள் இருந்தார்கள், தாபாவின் உழைப்பு இருந்தது. ஆனாலும் நாலு சீசன் ஒரே ஆளுக்குப் பக்கத்தில் நின்று பந்தை வாங்கிக் கொடுத்துப் பழகுவதும், வருஷத்துக்கு ஒரு புது முகத்தோடு தொடங்குவதும் ஒன்றல்ல. அடுத்தாள் என்ற படியின் பொருளே அதுதான். நீடித்து இருப்பதே வெற்றிக்கு உத்தரவாதம் என்றும் நினைத்துவிடக் கூடாது. ரஃபேல் இருந்த 2018-19 சீசனில்தான் சென்னை அட்டவணையில் கடைசி இடத்துக்குச் சரிந்தது. கெடு நீளமாக இருப்பது தேவையான ஒன்று. அது மட்டும் போதாது.

கெடுவைவிட ஒரு படி மேலாக நகரத்தார் கவனித்த ஒன்று, போன இடத்தில் பையன் எங்கே சாப்பிடுவான், எங்கே படுப்பான் என்பது. ரங்கூனிலும் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் கிட்டங்கி என்ற நீளக் கூடங்கள் இருந்தன. பகலில் அங்கே ஆளுக்கொரு பெட்டியடி. இரவில் அங்கேயே பாய். ஊரிலிருந்து போன சமையல்காரர் கையால் சாப்பாடு. நடந்துபோகிற தூரத்தில் தண்டாயுதபாணி கோயில். சிங்கப்பூர் டேங்க் ரோட்டில் 1859-ல் நிறுவிய கோயில் இன்றும் இருக்கிறது. தவறான வழியில் கால் வைத்தால் கவனிக்கப் பத்துக் கண்கள். இந்த ஏற்பாடு இல்லாமல் ஒரு இளைஞனை அந்நிய ஊரில் இறக்கினால் என்ன ஆகும் என்பதற்கு இந்தியக் கால்பந்தில் மிகத் துயரமான சாட்சி உண்டு. ஈரானின் கோரம்ஷார் நகரத்துக்காரர் மஜீத் பிஷ்கர். 1978 உலகக் கோப்பைக்குப் போன ஈரான் அணியின் 22 பேரில் ஒருவர். அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்துக்குப் படிக்க வந்திருந்தார். 1980-ல் ஈஸ்ட் பெங்கால் கழகம் அவரையும் அவரோடு படித்த ஜம்ஷித் நாசிரியையும் கல்கத்தாவுக்குக் கூட்டிவந்தது. இந்தியாவுக்கு ஆட வந்த வெளிநாட்டவர்களில் இவரைப் போல் ஒருவர் இல்லை என்று இன்றும் வங்காளத்துப் பெரியவர்கள் சொல்கிறார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் ஈராக் போர் மூண்டது; அவர் பிறந்த ஊர் தரைமட்டமானது. இருபதுகளின் நடுவில், உலகமே தன் காலடியில் கிடக்கும்போது, வீடு திரும்ப வழியற்றவராக அவர் கல்கத்தாவில் இருந்தார். மைதானத்தில் லட்சம் பேர் கொண்டாடினார்கள். மைதானத்துக்கு வெளியே அவரைப் பார்த்துக்கொள்ள ஏற்பாடு எதுவும் இல்லை. குடியும் தனிமையும் சேர்ந்து ஆட்டத்தைத் தின்றன. முகமதன் ஸ்போர்ட்டிங்குக்கு மாறினார், மங்கினார், ஒருநாள் ஈரானுக்கே போய் மறைந்தார். 2019 ஆகஸ்டில் ஈஸ்ட் பெங்காலின் நூற்றாண்டு விழாவுக்கு அவர் திரும்ப வந்தபோது விமான நிலையத்தில் நள்ளிரவிலும் கூட்டம் நின்றது. அன்பு அங்கே எப்போதும் இருந்தது. கிட்டங்கிதான் இல்லை.

இவ்வளவும் சரி, நம் கழகங்களுக்கு இளம் வெளிநாட்டவரை மூன்று வருஷத்துக்கு எடுக்க வசதி ஏது என்று கேட்பார்கள். நல்ல பையன் இங்கே தங்குவானா, ஒரு சீசன் பிரகாசித்தால் வேறு நாட்டுக்குப் பறந்துவிட மாட்டானா? பறப்பான். 2014-ல் 22 வயதில் சென்னைக்கு வந்த கொலம்பியாக்காரர் ஸ்டீவன் மெண்டோசாவைப் பிரேசிலின் பெரிய கழகமான கொரிந்தியன்ஸ் எடுத்துக்கொண்டது. மறு வருஷம் கடன் ஏற்பாட்டில் அவர் சென்னைக்கே திரும்பி வந்து 13 கோல் அடித்தார்; கோவாவில் நடந்த இறுதிப் போட்டியின் கடைசி நிமிஷத்தில் கோப்பையை வாங்கிக் கொடுத்த கோலும் அவருடையதே. போகிறவனைத் தடுக்க முடியாது. போகும்போது கணக்கு முடித்து அனுப்ப முடியும். பெரிய அளவில் இதைச் செய்து காட்டியது இங்கிலாந்தின் பிரைட்டன். ஈக்வடாரின் இண்டிபெண்டியன்ட் டெல் வாயே கழகத்தில் வளர்ந்த நடுகள வீரர் மொய்சஸ் கைசெடோவை 2021 தொடக்கத்தில் 19 வயதில் அது எடுத்தது; தொகை 50 லட்சம் பவுண்டுக்கு உள்ளேதான் என்று அப்போது செய்திகள் வந்தன. எடுத்த கையோடு முதல் அணியில் இறக்கவில்லை. பெல்ஜியத்தின் பீர்ஸ்காட் அணிக்குக் கடனாக அனுப்பிப் பழக்கியது. அடுத்தாள் படி என்று காரைக்குடிக்காரர் எளிதில் புரிந்துகொள்வார். 2023 ஆகஸ்டில் செல்சி அவரை வாங்கியபோது கொடுத்தது பத்துக் கோடி பவுண்டு, அதற்கு மேல் நிபந்தனைத் தொகைகள். நம் கழகங்கள் இந்த உயரத்துக்குப் போகப்போவதில்லை. ஆனால் வழி ஒன்றேதான். முப்பதைத் தாண்டியவருக்குக் கொடுக்கும் சம்பளம் திரும்பி வராது; இருபது வயதுக்காரரோடு மூன்று வருஷம் எழுதிக்கொண்டால் இடையில் யாராவது கேட்டு வரும்போது கையில் ஒரு உரிமை இருக்கிறது. பன்னிரண்டு வயதிலிருந்து ஒரு வீரரை வளர்த்த கழகங்களுக்கெல்லாம் பிற்கால இடமாற்றத் தொகையில் ஐந்து விழுக்காட்டைப் பங்கிட வேண்டும் என்று ஃபிஃபா விதியே இருக்கிறது. அந்தப் பங்குக்குரிய வயது 23 வரை நீள்கிறது. அந்த வயதுக்குள் ஒருவர் இங்கே ஒரு வருஷம் ஆடினாலும் அந்தச் சிறு பங்கு இந்தக் கழகத்தைத் தேடி வரும். கெட்டிக்கார முதலாளி விடக்கூடிய காசா அது?

இளம் வயதுக்காரர்தான் வேண்டும் என்பதில்லை, கோயம்புத்தூர் காட்டியது வேறல்லவா என்று இன்னொரு பக்கத்திலிருந்து மறுப்பு வரும். நியாயமான மறுப்பு. சென்னை சிட்டி எஃப்.சி. கோயம்புத்தூர் நேரு மைதானத்தைச் சொந்த மண்ணாக்கிக்கொண்டு 2018-19 ஐ-லீக்கில் ஆடியது. சிங்கப்பூர்க்காரர் அக்பர் நவாஸ் பயிற்சியாளர். ஸ்பெயினின் கீழ்மட்ட லீகுகளிலிருந்து நாலு பேரை எடுத்தார்கள். முன்களத்தில் பெட்ரோ மான்சி, நடுகளத்தில் நெஸ்டர் கோர்டியோவும் சாண்ட்ரோ ரோட்ரிகசும், பின்களத்தில் ராபர்டோ எஸ்லாவா. யாரும் பையன்கள் அல்லர், முப்பதை ஒட்டியவர்கள். மான்சி 21 கோல் அடித்தார். 2019 மார்ச் 9 அன்று மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று கோப்பையைத் தூக்கினார்கள். தமிழ்நாட்டுக் கால்பந்து ரசிகர்கள் தலைநிமிர்ந்து நடந்த நாள் அது. சுவிட்சர்லாந்தின் பாசல் கழகம் 26 விழுக்காடு பங்கும் வாங்கியது. கண்ணுள்ளவர்கள் ஆள் தேர்ந்தெடுத்தால் பெயரும் வயதும் இரண்டாம்பட்சம் என்பதை இது நிரூபிக்கிறது, அதை ஏற்கிறேன். பிறகு நடந்ததையும் பார்க்க வேண்டும். கோர்டியோ ஐதராபாத் போனார், மான்சி 2020 தொடக்கத்தில் ஜப்பானுக்குப் போனார், அடுத்த இரண்டு சீசனுக்குள் அணி கரைந்தது, இன்று தேசிய லீகுகளில் அந்தப் பெயரே இல்லை. கோப்பைக்குக் காரணமானவர்களின் இடத்தில் உட்காரத் தயாரானவர் பக்கத்தில் யாரும் இருந்ததில்லை. ஐந்தொகை எடுக்காமல் கடையைப் பூட்டினால் பேரேட்டில் இருந்த லாபம் எங்கே போயிற்று என்று பிற்பாடு சொல்ல முடியாது.

எல்லாவற்றிலும் கனமான மறுப்பு ஒன்று இருக்கிறது. வெளிநாட்டவர் ஒருவர் நடுகளத்தில் நிற்கும் ஒவ்வொரு நிமிஷமும் உள்ளூர்ப் பையன் ஒருவன் வெளியே உட்கார்ந்திருக்கிறான். நடுகளம் அணியின் மூளை. அந்த இடத்தை அந்நியருக்கே கொடுத்துப் பழகினால் நம் பையன்கள் ஓடுவதற்கும் தடுப்பதற்கும் மட்டுமே பயன்படுவார்கள். லீகை நடத்தியவர்களே இதை உணர்ந்து களத்தில் வெளிநாட்டவர் எண்ணிக்கையை ஆறிலிருந்து ஐந்தாக்கி, 2021-22 முதல் நாலாக்கினார்கள். இந்த மறுப்பின் முழு வலுவையும் உணரச் செட்டிநாட்டின் வெற்றிக் கதையை விட்டு பர்மாவில் முடிந்த கதைக்குப் போக வேண்டும். 1930-ஐ ஒட்டி பர்மாவில் நகரத்தார் முதலீடு சுமார் 75 கோடி ரூபாய் என்று அரசு அமைத்த வங்கி விசாரணைக் குழு மதிப்பிட்டது. ஐராவதி சமவெளியில் காட்டை அழித்து வயலாக்கிய விவசாயிக்குக் கடன் கொடுத்தவை அந்தக் கடைகள். அவர்கள் நிலத்தைப் பிடுங்கப் போனவர்கள் அல்லர். வட்டியோடு பணம் திரும்பினால் போதும் என்றுதான் இருந்தார்கள். உலக மந்தத்தில் நெல் விலை விழுந்ததும் ஈடு வைத்த நிலங்கள் ஒவ்வொன்றாக அவர்கள் கைக்கே வந்தன. நெல் விளையும் பதின்மூன்று முக்கிய மாவட்டங்களில் 1930-ல் நூற்றுக்கு ஆறாக இருந்த அவர்கள் நிலப்பங்கு 1938-ல் நூற்றுக்கு இருபத்தைந்து. பர்மியர்களின் கோபம் எப்படி எழுந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. 1942-ல் ஜப்பானியப் படை வந்தபோது உயிரோடு தப்பி நடந்தவர்கள் ஏராளம். விடுதலைக்குப் பின் 1948-ல் வந்த நில நாட்டுடைமைச் சட்டம் மீதியையும் முடித்தது.

உலக மந்தம் யார் கையிலும் இல்லாதது. ஆனால் ஏஜண்டு முறைக்குள்ளேயே ஒரு குறை இருந்தது. பெட்டியடிப் பையனும் அடுத்தாளும் ஏஜண்டும் எல்லாரும் செட்டிநாட்டிலிருந்தே போனார்கள். மூன்று தலைமுறை தொழில் நடந்தும், பேரேட்டைக் கைமாற்றி வாங்கிக்கொண்டு கடையை நடத்துமளவுக்கு ஒரு பர்மியப் பையன் அந்தப் படிகளில் ஏற்றப்படவில்லை. கணக்கு ஒப்படைப்பு அவ்வளவு அழகாக நடந்தது, ஆனால் தமக்குள்ளேயே நடந்தது. அதனால் புயல் வந்தபோது இவர்கள் போகட்டும் என்றவர்கள் இருந்தார்கள், இருக்கட்டும் என்று சொல்ல ஆளில்லை. சென்னைக் கழகம் இளம் வெளிநாட்டவரை எடுக்கும்போது செட்டிநாட்டிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது கெடுவையும் படிகளையும் ஒப்படைப்பையும். அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாதது அந்த மூடிய வட்டத்தை. வெளிநாட்டவருக்கு ஒரு இடம் என்றால் அவர் பக்கத்தில் வளரும் உள்ளூர்ப் பையன் யார் என்று பெயர் சொல்லிக் குறிக்க வேண்டும். மூன்றாம் வருஷ முடிவில் அந்தப் பையன் அந்த இடத்தை வாங்கிக்கொள்ளத் தயாராக இருக்கிறானா என்பதை வைத்துத்தான் ஒப்பந்தம் வெற்றியா தோல்வியா என்று கணக்குப் பார்க்க வேண்டும். ஆட்டத்தின் கோல் கணக்கு அதற்கு அடுத்தது. எண்ணிக்கையை நாலிலிருந்து மூன்றாக்கு, இரண்டாக்கு என்று கேட்பவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. வெளிநாட்டவரே இல்லாத காலத்திலும் சென்னை நடுகளங்களில் மேதைகள் குவிந்து கிடக்கவில்லை.

வெளியிலிருந்து வந்த ஒன்று உள்ளூர்க் கையில் தங்கிவிடும் என்பதற்குக் காரைக்குடிக்கு மேற்கே ஆத்தங்குடியில் சாட்சி இருக்கிறது. செட்டிநாட்டு வீடுகளின் தரையிலும் சுவரிலும் ஜப்பான் ஓடுகளும் ஐரோப்பிய ஓடுகளும் கப்பலில் வந்து பதிந்தன. இந்த ஊர்ப் பட்டறைகள் சிமெண்டில் தம் ஓட்டைத் தாமே செய்யப் பழகின. பட்டறையில் வேலை நடப்பதை அருகில் நின்று பார்க்கலாம். வழவழப்பான கண்ணாடித் துண்டைத் தரையில் வைத்து அதன்மேல் இரும்புச் சட்டம். சட்டத்துக்குள் பூ வடிவத்தில் தகட்டால் அறை பிரித்த அச்சு. ஒவ்வொரு அறையிலும் குழைத்த வண்ணச் சிமெண்டைச் சின்னக் கரண்டியால் ஊற்றுகிறார்கள். அச்சைத் தூக்கும்போது கை நடுங்கினால் சிவப்பு மஞ்சளுக்குள் ஓடிவிடும். தூக்கிய பின் உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி, அதன்மேல் குழைத்த கலவை போட்டு மட்டப்படுத்தி, தொட்டித் தண்ணீரில் ஊறவைத்து, வெயிலில் காயவிடுகிறார்கள். காய்ந்ததும் கண்ணாடி தானாக விட்டுப்போகும். அதன் வழவழப்பு ஓட்டின் முகத்தில் தங்கிவிடும். மணல் இந்தப் பக்கத்து மணல். கை இந்த ஊர்க் கை. ஜப்பான் ஓடு வருவது எப்போதோ நின்றுபோனது. ஆத்தங்குடி ஓடு இன்றும் வெளியூர்களுக்கு லாரி ஏறுகிறது. இறக்குமதியைத் தடுத்ததால் இது நடக்கவில்லை. இறக்குமதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கற்றதால் நடந்தது.

நகரத்தார் சம்பளச் சீட்டின் பின்னால் இருந்தது உறவு, கோயில், ஊர். முன்பின் தெரியாத பிரேசில்காரரோடும் கானாக்காரரோடும் அப்படி ஒரு பிணைப்பு எங்கிருந்து வரும் என்று கடைசியாகக் கேட்கலாம். உண்மைதான். ஒன்பது நகரக் கோயில்களில் ஒன்றில் புள்ளியாக, அதாவது பதிவான குடும்பஸ்தனாக, இருப்பவன் முதலாளியின் பணத்தைத் தின்றால் அவனுக்குப் பெண் கிடைக்காது, அவன் தம்பிக்கு வேலை கிடைக்காது. காகிதத்தைவிட அந்தப் பயம் பலமானது. ஆனால் அந்த இடத்தை இன்று நிரப்ப நிறுவனங்கள் இருக்கின்றன. நாடு விட்டு நாடு மாறும் ஒவ்வொரு தொழில்முறை வீரரின் பெயர்வும் ஃபிஃபாவின் இணையப் பதிவேட்டில் பதிந்தால்தான் செல்லும். ஒப்பந்தம் பொதுவாக ஐந்து வருஷத்தைத் தாண்டக் கூடாது. 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்கு மூன்று வருஷம்தான் உச்சம். சில விதிவிலக்குகள் தவிர 18 நிரம்பாதவரை நாடு மாற்றவே கூடாது. பெட்டியடிக்கு மீசை முளைக்காத பையன்களைக் கப்பலேற்றிய பழைய வழக்கத்தைவிட இது மேல் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆட்டக்காரர் நம்பிக்கைக்கு உரியவரா என்ற கவலையைவிட நம் பக்கத்தில் முதலாளி நிலையாக இருப்பாரா என்ற கவலைதான் இன்று நியாயமானது. 2025-ல் லீகை நடத்தும் உரிமை ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமல் இழுபட, சீசன் எப்போது தொடங்கும் என்றே தெரியாமல் கழகங்கள் பல வேலையையே நிறுத்தி வைத்தன. அந்த நிலையில் எந்தத் தாய் தன் இருபது வயது மகனை இங்கே மூன்று வருஷம் அனுப்புவாள்? மூன்று வருஷச் சீட்டு எழுத வேண்டுமானால் மூன்று வருஷ அட்டவணை முதலில் வேண்டும். இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பும் லீகும் கொடுக்க வேண்டியது அதைத்தான். நட்சத்திரப் பெயர்கள் அப்புறம் வரட்டும்.

செட்டிநாட்டுக்கும் விளையாட்டுக்கும் உள்ள உறவு இதுவரை கிரிக்கெட்டோடு நின்றுவிட்டது. சேப்பாக்கம் மைதானம் தாங்கியிருப்பது கானாடுகாத்தான் அரச குடும்பத்து எம்.ஏ. சிதம்பரத்தின் பெயரை. கால்பந்துக்கு அப்படி ஒரு புரவலர் இந்தப் பக்கத்திலிருந்து வரவில்லை. ஆனால் வெளிநாட்டுச் சம்பாத்தியத்தை உள்ளூர் அறிவாக மாற்றுவதில் காரைக்குடிக்கு நிகர் குறைவு. 1948-ல் நேரு அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கு வள்ளல் அழகப்பர் கொடுத்தது 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும். பக்கத்திலேயே அவர் எழுப்பிய கல்லூரிகள் 1985-ல் பல்கலைக்கழகமாயின. அந்தப் பல்கலைக்கழகத்தில் உடற்கல்வியியல் கல்லூரியும் இருக்கிறது. அங்கே படித்தவர்கள்தான் தென் மாவட்டப் பள்ளி மைதானங்களில் விசில் ஊதிக்கொண்டு நிற்கிறார்கள். சென்னைக் கழகம் நாளைக்கு இருபது வயது வெளிநாட்டு நடுகள வீரர் ஒருவரோடு எழுதும் ஒப்பந்தத்தில், சீசன் இல்லாத மாதங்களில் இப்படிப்பட்ட கல்லூரி ஒன்றில் வருஷத்துக்குச் சில வாரம் அவர் வந்து இருக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தால் கூடுதல் செலவு என்று பெரிதாக ஒன்றும் ஆகாது. அவர் பிறந்த நாட்டில் பந்தை வாங்குமுன் தோளுக்குப் பின்னால் எப்போது திரும்பிப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தார்கள், எத்தனை வயதில் சொல்லிக்கொடுத்தார்கள், எந்தப் பயிற்சியை வைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள் என்பதை எதிர்கால உடற்கல்வி ஆசிரியர் நாற்பது பேர் நேரில் பார்த்துக்கொண்டால், அவர் மூன்றாம் வருஷமே ஜப்பானுக்குப் பறந்தாலும் பாதகமில்லை. தேவகோட்டையிலும் மானாமதுரையிலும் அதைச் சொல்லிக்கொடுக்க ஆள் இருப்பார்கள்.